உறுப்பு மாற்றுக்கு முன் தொற்றுப் பரிசோதனை: வன்னிக் குடும்பங்களுக்கு ஒரு விளக்கம்

வவுனியா மாவட்டத்திலும் முல்லைத்தீவின் வெலிஓயாப் பக்கத்திலும் சிறுநீரக நோயாளர் இல்லாத கிராமத்தைத் தேடித்தான் காண வேண்டும். காரணம் இன்னும் முழுதாகப் பிடிபடாத நாட்பட்ட சிறுநீரக நோய் வயல் வேலை செய்யும் ஆட்களையே அதிகம் பிடித்திருக்கிறது. கிழமைக்கு இரண்டு மூன்று தரம் டயாலிசிஸ் செய்பவர்களில் சிலருக்கு உறவினர் ஒருவர் சிறுநீரகம் தர முன்வருவார். மாற்றுச் சிகிச்சைக்கு அவர்கள் கண்டி, கொழும்பு போன்ற தூர இடங்களுக்குப் போகிறார்கள். கொவிட் காலத்தில் இந்தக் குடும்பங்களுக்குள் ஒரு பயம் புகுந்தது: பி.சி.ஆரில் 'பொசிட்டிவ்' வந்தால் ஒப்பரேசன் அவ்வளவுதான் என்று. அது சரியல்ல. அடுத்த பெருந்தொற்று வந்தாலும் இதே பயம் திரும்பி வரும் என்பதால், நடைமுறை என்ன என்பதை விளக்கமாகச் சொல்லி வைக்க வேண்டும்.

மாற்றிய சிறுநீரகத்தை உடம்பு அந்நியப் பொருளாகவே பார்க்கும். அதை உடம்பு தாக்காமல் இருக்க டக்ரோலிமஸ், மைக்கோபெனொலேட், பிரெட்னிசொலோன் போன்ற மருந்துகள் கொடுக்கப்படுகின்றன. இவை நோய் எதிர்ப்புச் சக்தியை அடக்குபவை. முதல் சில மாதங்களில் அளவு மிக அதிகம். மற்றவர்களுக்குச் சாதாரணத் தடிமனாய் வந்து போகும் கிருமி, அந்த நேரத்தில் பெறுபவரின் உயிரையே எடுத்துவிடலாம். ஆகவே கிருமி அவர் உடம்பிலும் இருக்கக்கூடாது, கொடுக்கும் உறுப்போடும் வரக்கூடாது.

பெருந்தொற்று இல்லாத காலத்திலும் இரு பக்கத்தாருக்கும் எச்.ஐ.வி, ஹெப்படைட்டிஸ் பி, ஹெப்படைட்டிஸ் சி, சிபிலிஸ், சைட்டோமெகலோ வைரஸ் ஆகியவற்றுக்குக் குருதி பார்ப்பார்கள். கசம் (காசநோய்) இருக்கிறதா என்றும் தேடுவார்கள். எச்.ஐ.விக்குப் பார்க்கிறார்கள் என்றவுடன் சிலர் மனம் நோகிறார்கள். அது யாருடைய நடத்தையிலும் வந்த சந்தேகமல்ல. வழக்கமாக எல்லோருக்கும் செய்வது.

பெருந்தொற்றுக் காலத்தில் இதன்மேல் ஒன்று கூடுகிறது. கொவிட் நேரத்தில் பல நாட்டு நெறிமுறைகள், உயிரோடிருந்து கொடுப்பவரும் பெறுபவரும் சத்திரசிகிச்சைக்கு முந்திய மூன்று நாட்களுக்குள் பி.சி.ஆர் செய்ய வேண்டும் என்றன. அதற்கு முந்திய இரண்டு கிழமை இருவரும் கூட்டத்தில் சேராமல் வீட்டோடு இருக்கவும் கேட்டன. ஊரில் எடுத்த ஒரு முடிவைக் கொண்டுபோனாலும் மாற்றுச் சிகிச்சை செய்யும் வைத்தியசாலையில் மீண்டும் மூக்கில் குச்சி விட்டதற்குக் காரணம் இதுதான். தொற்றிய முதல் சில நாட்களில் பரிசோதனை 'நெகட்டிவ்' என்றே காட்டலாம். முல்லைத்தீவிலிருந்து பஸ்ஸில் கண்டிக்குப் போகும் வழியிலும் தொற்றலாம்.

மூளைச்சாவு அடைந்தவரிடமிருந்து உறுப்பை எடுக்கும்போது நேரம் மிகக் குறைவு. எடுத்த சிறுநீரகத்தைக் குளிரில் வைத்து ஏறத்தாழ ஒரு நாள் காக்கலாம். இதயம் நான்கு முதல் ஆறு மணித்தியாலம்தான் தாங்கும். அதனால் பரிசோதனை முடிவு சில மணித்தியாலங்களுக்குள் வர வேண்டும். 2020இல் வன்னியில் எடுத்த மாதிரிகள் பல யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவபீட ஆய்வுகூடத்துக்குப் போய்த்தான் முடிவு வந்தது. ஆய்வுகூடம் எவ்வளவு கிட்ட இருக்கிறது என்பது இந்த விசயத்தில் உயிர்ப் பிரச்சினை. மாவட்டம் தோறும் அந்த வசதி வேண்டும் என்று நாங்கள் கேட்பது நியாயமான கோரிக்கை.

மாதிரியை எங்கிருந்து எடுக்கிறார்கள் என்பதும் முக்கியம். 2020இன் பிற்பகுதியில் அமெரிக்காவில் மூளைச்சாவு அடைந்த ஒருவரின் மூக்கு, தொண்டைப் பரிசோதனை 'நெகட்டிவ்' ஆக இருந்தது. அவருடைய நுரையீரலைப் பெற்றவர் கொவிட் தொற்றி இறந்தார். சத்திரசிகிச்சை செய்த வைத்தியர் ஒருவருக்கும் தொற்றியது. கொடையாளியின் நுரையீரலுக்குள்ளிருந்து எடுத்த சளியைப் பிறகு பார்த்தபோது அதில் வைரஸ் இருந்தது. இதன் பின் 2021 மே மாதம் முதல், நுரையீரல் கொடையாளிகளுக்கு கீழ்ச் சுவாசப்பாதை மாதிரி கட்டாயம் என்று அந்நாடு விதித்தது. சிறுநீரகம், ஈரல் வழியாக கொவிட் அப்படித் தொற்றியதாகத் தெளிவான சான்று கிடைக்கவில்லை. அதனால் பிற்காலத்தில் 'பொசிட்டிவ்' ஆனவர்களின் சிறுநீரகங்களையும் கவனமாகத் தெரிந்தெடுத்துப் பல இடங்களில் பயன்படுத்தினார்கள்.

'பொசிட்டிவ்' வந்தால் என்ன? உயிரோடிருந்து கொடுப்பவராக இருந்தால் திகதி தள்ளிப்போகும், பெயர் வெட்டப்படாது. ஆரம்பத்தில் ஏறத்தாழ நான்கு கிழமை காத்திருக்கச் சொன்னார்கள், பிறகு அது குறைந்தது. குணமான பின்னும் செத்த வைரஸின் துணுக்குகள் கிழமைக் கணக்கில் பி.சி.ஆரில் தெரியலாம். ஆகவே மீண்டும் 'பொசிட்டிவ்' என்றால் உடைந்துபோகாமல், இது பழைய தொற்றா புதியதா என்று வைத்தியரிடம் கேளுங்கள். அந்த இடைவெளியில் டயாலிசிஸை மட்டும் தவறவிடக் கூடாது.

வவுனியா பம்பைமடு போன்ற தனிமைப்படுத்தல் நிலையங்களுக்குப் போக வேண்டிவரும் என்ற பயத்தில் கொவிட் நாட்களில் சிலர் காய்ச்சலை மறைத்தார்கள். அந்தப் பயம் எனக்கு விளங்குகிறது. ஆனாலும் உறுப்பு மாற்றில் மறைப்பது சொந்த இரத்த உறவையே ஆபத்தில் தள்ளும். கொவிட் மட்டுமல்ல, வயலில் இறங்கிய பின் வந்த காய்ச்சல், எலிக்காய்ச்சலுக்கு எடுத்த மருந்து, டெங்கு, வெளிநாட்டிலிருந்து வந்தவருடன் பழகியது, எல்லாவற்றையும் சொல்லுங்கள். 2016இல் இலங்கை மலேரியா அற்ற நாடாக உறுதிப்படுத்தப்பட்டாலும், வெளிநாடு போய் வந்தவருக்கு அது இருக்கலாம்.

கொவிட் தடுப்பூசியை மாற்றுச் சிகிச்சைக்குக் குறைந்தது இரண்டு கிழமைக்கு முன் போட்டு முடிப்பது நல்லது. மருந்துகள் தொடங்கிய பின் ஊசி சரியாக வேலை செய்யாது. உயிருள்ள கிருமி கொண்ட ஊசிகள் அப்போது போடவே கூடாது. வீட்டிலுள்ள மற்றவர்களும் போட்டுக்கொள்ளுங்கள்.

உறுப்பு மாற்றுக்கு 1987ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. உறுப்பை விற்பதும் வாங்குவதும் குற்றம். கொடுப்பவர் கடைசி நேரத்திலும் மனம் மாறலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. பரிசோதனை முடிவு அவருடைய அந்தரங்கம், அதை உறவினருக்குச் சொல்வதா என்பது அவருடைய தீர்மானம். வன்னிக்கு வெளியே போகும்போது இன்னொன்றையும் கேட்டுப் பெறுங்கள். சிங்களம் நிர்வாக மொழியாக உள்ள இடத்திலும் அரச அதிகாரியுடன் தமிழில் தொடர்பாட அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை உரிமை தருகிறது. சம்மதப் படிவத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று தமிழில் வாசித்துக் காட்டும்வரை கையெழுத்து வைக்க வேண்டாம். பழைய கிளினிக் கொப்பி, தடுப்பூசி அட்டை, பி.சி.ஆர் முடிவுகள் எல்லாவற்றையும் இரு பிரதி எடுத்து, ஒன்றைக் கூட வருபவரிடம் கொடுத்து வையுங்கள்.