பதினான்கு பேரும் ஒரு முழங்காலும்

சிங்கப்பூர் தோ பாயோவில் வசிக்கும் ஒரு அங்கிள், வயது 71. முழங்கால் தேய்மானத்துக்காக என்னிடம் பிசியோதெரபிக்கு வருகிறார். மூன்றாவது தடவை வந்தபோது, "சொல்லிக்கொடுத்த பயிற்சி செஞ்சீங்களா?" என்று கேட்டேன்.

"இல்லம்மா" என்று கைப்பேசியை நீட்டினார்.

வெளிநாட்டில் இருக்கும் மகள் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார்: "அப்பா, இவங்க எல்லாரையும் ஃபாலோ பண்ணுங்க, ரொம்ப யூஸ்ஃபுல்." கீழே 14 இன்ஸ்டகிராம் பெயர்கள். யார், எதற்கு, எதில் தொடங்குவது, ஒன்றும் இல்லை.

அங்கிள் சொன்ன சொல் தட்டாதவர். பதினான்கு பேரையும் பின்தொடர்ந்துவிட்டார். ஒருவர் தினமும் குந்தி எழு என்கிறார். இன்னொருவர் குந்தினால் மூட்டு போய்விடும் என்று பயமுறுத்துகிறார். மூன்றாமவர் எண்ணெய் விற்கிறார். "யாரு சொல்றதக் கேக்குறது? அதான் பேசாம இருந்துட்டேன்."

பேசாமல் இருந்ததுதான் இருப்பதிலேயே மோசம். தேய்மானத்துக்குத் தொடைத் தசையை வலுவாக்கும் பயிற்சிதான் முதல் சிகிச்சை. எவ்வளவு ஆழம் குந்தலாம் என்பது அந்தந்த முழங்காலைப் பொறுத்தது. குந்தச் சொன்னவர் இளம் ஓட்டக்காரர்களுக்குப் பேசியிருந்தார். வீடியோவில் தப்பே இல்லை, வந்து சேர்ந்த வீடுதான் தப்பு.

ட்விட்டரில் 2009ல் ஒரு பழக்கம் கிளம்பியது, ஃபாலோ ஃபிரைடே என்று. வெள்ளிக்கிழமை வந்தால், அப்போதிருந்த 140 எழுத்து வரம்புக்குள் எத்தனை பெயர் அடங்குமோ அத்தனையையும் அடுக்கிவிடுவார்கள். பெயர் இடம்பெற்றவருக்கு மகிழ்ச்சி. படிப்பவருக்கு என்ன கிடைத்தது? அந்த மகள் அனுப்பியதும் அதே ஜாதிதான், கொஞ்சம் பாசம் கூட.

டியூஷன் ஆசிரியரைச் சொல்லும்போது நாம் இப்படிச் செய்வதில்லை. "கணக்குக்கு அவர் பிரமாதம், அறிவியலுக்கு வேற ஆளப் பாருங்க, கொஞ்சம் கோபக்காரர்" என்று நல்லதையும் கெட்டதையும் சேர்த்தேதான் சொல்கிறோம். கைப்பேசிக்குள் இருப்பவரைச் சொல்லும்போது மட்டும் அந்த ஜாக்கிரதை எங்கே போகிறதோ.

அன்றைக்கு அங்கிளோடு உட்கார்ந்து 13 பேரை நீக்கினேன். மிஞ்சியவர் ஒருவர். அவரை எப்படிப் பார்ப்பது என்றும் அப்பாயின்ட்மென்ட் அட்டையின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தேன்: "நாற்காலியில் உட்கார்ந்து எழும் வீடியோ மட்டும். அவர் சாப்பாட்டைப் பற்றிச் சொல்வதை விட்டுவிடுங்கள், அது அவர் படித்த துறை இல்லை. பயிற்சி செய்து மறுநாளும் வலி கூடுதலாக இருந்தால் எண்ணிக்கையைக் குறையுங்கள்." அப்புறம், இன்ஸ்டகிராமில் நாம் பின்தொடரும் ஆட்களின் பதிவுகளை மட்டும் காட்டும் பக்கத்துக்குப் போவது எப்படி என்று காட்டினேன். இல்லாவிட்டால் எண்ணெய்க்காரர் வேறு பெயரில் திரும்பி வந்துவிடுவார். திட்டுவதற்காக ஒரு வீடியோவை முழுசாகப் பார்த்தாலும், செயலிக்கு அது நீங்கள் ஆசையாகப் பார்த்த கணக்குதான்.

இவ்வளவு கறார் எனக்கு முதலிலேயே இருந்தது என்று நினைக்க வேண்டாம். சில வருஷங்களுக்கு முன் ஒரு பெண்ணின் வீடியோக்களை வருகிற எல்லோருக்கும் சொன்னேன். தமிழில் நிதானமாகப் பேசுவார், எனக்குப் பிடித்திருந்தது. நான் பார்த்ததோ மூன்றே மூன்று வீடியோ. சில மாதங்களில் அவர் முழங்கால் பட்டை விற்கத் தொடங்கினார். ஒரு பாட்டி 90 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கொடுத்து இரண்டு வாங்கி, "நீ சொன்ன பொண்ணுதானே" என்று என்னிடமே காட்டினார். பட்டையின் அளவும் சரியில்லை. அவரிடம் என்ன சொல்வது?

இப்போது ஒருவரைச் சொல்வதற்கு முன் பத்து வீடியோவாவது பார்க்கிறேன். இங்கே பிசியோதெரபிஸ்ட்டாக வேலை செய்பவர் என்றால், 2011ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த, பிசியோதெரபிஸ்ட் போன்றோரைப் பதிவு செய்யும் அல்லைட் ஹெல்த் புரொஃபெஷன்ஸ் கவுன்சிலின் பதிவேட்டில் பெயரைத் தேடிவிடலாம். யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கலாம். சென்னையில் இருப்பவர் அதில் இருக்க மாட்டார். அப்போது நான் கவனிப்பது ஒன்றுதான்: "இதை யார் செய்யக் கூடாது" என்று எப்போதாவது சொல்கிறாரா? எல்லாருக்கும் எல்லாம் சரியாகும் என்பவரை அங்கேயே விட்டுவிடுவேன். அவர் தரையில் படுத்துக் காட்டுகிறாரா என்றும் பார்ப்பேன். சிரிக்காதீர்கள். வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டு டைல் தரையில் இறங்கிய ஆன்ட்டி ஒருவர் எழ முடியாமல், மருமகள் வேலை முடிந்து வரும்வரை அங்கேயே கிடந்திருக்கிறார்.

அந்த அங்கிள் போன வாரம் வந்தார். உள்ளே வந்ததும் நாற்காலியில் உட்கார்ந்து கையை மார்பில் கட்டிக்கொண்டு, நான் கேட்காமலேயே பத்து தடவை எழுந்து காட்டினார். எட்டாவதில் மூச்சு வாங்கியது, விடவில்லை.

கிளம்பும்போது கதவருகே நின்று கேட்டார்: "மகளுக்குக் கழுத்து வலியாம், நாள் முழுக்க கம்ப்யூட்டர். யாராச்சும் இருந்தா சொல்லும்மா. ஒருத்தர் போதும்."