'பப்ளிக் டிரஸ்ட்': நம்பிக்கையா, நம்பிக்கைப் பொறுப்பா?

'பப்ளிக் டிரஸ்ட்' என்னும் ஆங்கிலத் தொடரை 'மக்கள் நம்பிக்கை' என்று பெயர்த்துவிட்டுப் போவது நம் வழக்கம். 2022ஆம் ஆண்டின் இலங்கைப் பொருளாதார நெருக்கடியை வைத்துப் பார்த்தால், இந்தப் பெயர்ப்பில் பாதிப் பொருள் விடுபட்டிருப்பது புலப்படும்.

'டிரஸ்ட்' பழைய நோர்ஸ் மொழிச் சொல்லொன்றோடு உறவுடையது; உறுதி, துணை என்பன அதன் பொருள்கள். பின்னர் ஆங்கிலச் சட்டத்தில், ஒருவருக்குரிய பொருளை அவர் நன்மைக்காகவே வேறொருவர் வைத்துக் காக்கும் கடமையையும் அது குறிக்கலாயிற்று. தமிழின் 'நம்பு' வந்த வழி வேறு. 'நம்பும் மேவும் நசையா கும்மே' என்பது தொல்காப்பிய உரியியல். நசை என்றால் விருப்பம்; 'நம்பு' என்பதன் பழம்பொருள் அதுவே.

ஆட்சியில் இருப்போர் இந்தப் பழம்பொருளைத்தான், அறிந்தோ அறியாமலோ, பற்றிக்கொள்கிறார்கள்: மக்கள் தம்மை விரும்புகிறார்களா, வெறுக்கிறார்களா என்பதே அவர்கள் கணக்கு. 2022 மார்ச் 16 அன்று தொலைக்காட்சியில் உரையாற்றிய ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ச, நெருக்கடியை உண்டாக்கியவர் தாம் அல்லர் என்றார். அம்மாத இறுதியில் கொழும்புப் புறநகரான மிரிஹானையில் அவர் வீட்டருகே மக்கள் திரண்டபோது, அதன் பின்னணியில் தீவிரவாதிகள் இருப்பதாக அவரது ஊடகப் பிரிவு கூறியது. வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவது ஏப்ரல் 12இல் நிறுத்தப்பட்ட பிறகே குரல் மாறியது. அத்தியாவசியப் பொருள்களுக்காக வரிசையில் நிற்போரின் கோபம் நியாயமானது என்றும், இரசாயன உரத் தடையும் சர்வதேச நாணய நிதியத்தை நாடத் தாமதித்ததும் பிழைகள் என்றும் ஏப்ரல் 18இல் ஒப்புக்கொண்டார். ஜூலையில் பதவி விலகினார்.

2023 நவம்பர் 14 அன்று இலங்கை உயர் நீதிமன்றம் (தமிழ்நாட்டு வழக்கில் உச்ச நீதிமன்றம்) சொல்லின் மறுபாதியான காக்கும் கடமையை எடுத்தது. கோட்டாபயவும், அவருடைய சகோதரர்களான முன்னாள் பிரதமர் மகிந்த, முன்னாள் நிதியமைச்சர் பசில் ஆகியோரும் மத்திய வங்கியின் முன்னாள் ஆளுநர்கள் உள்ளிட்ட அதிகாரிகளும் 'பப்ளிக் டிரஸ்ட்'டை மீறினர் என்று பெரும்பான்மைத் தீர்ப்பு கூறியது. விருப்பம் குறையும், கூடும். ஒப்படைக்கப்பட்ட பொறுப்பையோ காக்கலாம் அல்லது மீறலாம். 'மக்கள் நம்பிக்கையை இழந்தனர்' என்று எழுதும்போது இழந்தவர் மக்களா, ஆட்சியாளரா என்பதுகூடத் தெளிவாவதில்லை.

தமிழ்நாட்டு வாசகருக்கு 'டிரஸ்ட்' என்றதும் அறக்கட்டளை நினைவுக்கு வரும். அது இங்கே பொருந்தாது. 'அடைக்கலம்' மிக நெருங்கிய சொல். சமணத் துறவி கவுந்தியடிகள் கண்ணகியை மாதரி என்னும் இடையர்குலப் பெண்ணிடம் ஒப்படைத்ததும், பின்னர் 'அடைக்கலம் இழந்தேன்' என்று மாதரி தீப்புகுந்ததும் சிலம்பில் உண்டு. ஆயினும் இன்று அச்சொல் புகலிடம் என்றே கேட்கிறது. எனவே கருத்துக்கணிப்புச் செய்திகளில் 'மக்கள் நம்பிக்கை' இருக்கட்டும். தீர்ப்பைப் பற்றி எழுதும்போது, இலங்கைத் தமிழில் ஏற்கெனவே வழங்கும் 'நம்பிக்கைப் பொறுப்பு' என்பதையே ஆள்வது சரி.