டிஸ்சார்ஜுக்கு முந்தின நாளே கேட்டு வாங்க வேண்டியவை

நாளைக்கு வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் சொன்னதும் எல்லோரும் பையை எடுத்துவைக்கத் தொடங்கிவிடுவார்கள். உடனிருப்பவர் அதற்கு முன் காப்பீட்டு உதவி மையத்துக்கு ஒருமுறை போய்வர வேண்டும். காப்பீட்டுத் திட்டத்தில் இருக்கும் பல சலுகைகள் கேட்டவருக்குத்தான் கிடைக்கின்றன, அதுவும் டிஸ்சார்ஜ் கணக்கு முடிவதற்கு முன் கேட்டால்தான்.

ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை உண்டு. தமிழ்நாட்டில் இது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தோடு இணைந்து நடக்கிறது. ஆயுஷ்மான் விதிப்படி, வீடு திரும்பிய பின் 15 நாள் வரையிலான மருந்து, பரிசோதனைச் செலவும் சிகிச்சைக்குத் திட்டம் தரும் தொகைக்குள்ளேயே அடங்கும். நடைமுறையில் ஐந்து நாள் மாத்திரையைக் கையில் கொடுத்துவிட்டு, மீதியை வெளியே வாங்கச் சீட்டு எழுதிவிடுகிறார்கள். மீதி மருந்தையும் அப்போதே உதவி மையத்தில் கேளுங்கள். சரிவரவில்லை என்றால் 14555 எண்ணில் புகார் சொல்லலாம். எல்லாம் இலவசமாகக் கிடைத்தது என்று எழுதிய படிவத்தில் கையெழுத்துக் கேட்டால் படித்துப் பார்த்துவிட்டுப் போடுங்கள். கையிலிருந்து பணம் கட்டியிருந்தால் அந்தத் தொகையைப் படிவத்திலேயே குறித்துவிடுங்கள். ரசீதையும் பத்திரமாக வைத்திருங்கள்.

தனியார் காப்பீடு என்றால் காத்திருப்புதான் தலைவலி. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2024 மே மாதச் சுற்றறிக்கைப்படி, மருத்துவமனை டிஸ்சார்ஜ் கோரிக்கையை அனுப்பிய 3 மணி நேரத்துக்குள் நிறுவனம் இறுதி ஒப்புதல் தர வேண்டும். அதற்கு மேல் தாமதித்து மருத்துவமனை கூடுதல் கட்டணம் போட்டால் அதை நிறுவனமே ஏற்க வேண்டும். ஆனால் டாக்டர் போகலாம் என்று சொன்ன நேரத்திலிருந்து இந்த 3 மணி நேரம் ஓடாது. பில்லிங் பிரிவு கோப்பை அனுப்பிய நேரம்தான் கணக்கு. அதனால் எத்தனை மணிக்கு அனுப்பினார்கள் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பாதி நாள் போவது பெரும்பாலும் அங்கேதான்.

நோய், சிகிச்சை, மருந்து விவரங்களை எழுதித் தரும் டிஸ்சார்ஜ் சம்மரியை வார்டிலேயே உட்கார்ந்து படியுங்கள். மருந்துக்கு எதிரே 1-0-1 என்று இருந்தால் காலையும் இரவும், எஸ்.ஓ.எஸ். என்றால் தேவைப்பட்டால் மட்டும். எத்தனை நாளைக்கு என்பது விடுபட்டிருக்கும், அதை எழுதி வாங்குங்கள். வீட்டில் ஏற்கெனவே சாப்பிட்டுவந்த மாத்திரைகளை அட்டையோடு எடுத்துப்போய்க் காட்டுவது அவசியம். ஒரே ரத்த அழுத்த மருந்து வேறு கம்பெனிப் பெயரில் புதுச் சீட்டில் இருக்கும். பழையதை நிறுத்தச் சொல்லவில்லையே என்று இரண்டையும் கொடுத்தால் அளவு இரட்டிப்பாகி, நோயாளி தலைசுற்றி விழலாம். சிறுநீர் வெளியேறவோ உணவு செலுத்தவோ குழாய் போட்டிருந்தால் போட்ட தேதி, மாற்ற வேண்டிய தேதி இரண்டும் சம்மரியில் இருக்க வேண்டும். பயாப்சி (திசுப் பரிசோதனை) முடிவு வராமல் இருந்தால் அதை எப்போது, எங்கே வாங்குவது என்பதையும் எழுதச் சொல்லுங்கள்.

பில் தகராறு வந்தாலும் நோயாளியைப் பிடித்துவைக்க மருத்துவமனைக்கு உரிமை இல்லை. மத்திய சுகாதார அமைச்சகத்தின் நோயாளி உரிமைச் சாசனம் இதைத் தெளிவாகவே சொல்கிறது. பாக்கியை வசூலிக்க அவர்களுக்குச் சட்ட வழி இருக்கிறது. கேஸ் ஷீட் (சிகிச்சைப் பதிவேடு), பரிசோதனை முடிவுகளின் நகலை எழுத்தில் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டு மருத்துவர் நடத்தை விதி. டாக்டர் பேச்சுக்கு எதிராகப் போகிறோம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தவர்களும் இதைக் கேட்கலாம்.

அரசு மருத்துவமனையில் பிரசவம் என்றால் தாயையும் குழந்தையையும் வீட்டில் கொண்டுவிட 102 தாய் சேய் நல ஊர்தி இலவசம். முந்தின நாளே வார்டு சிஸ்டரிடம் சொல்லிவைத்தால் காத்திருக்க வேண்டியிருக்காது. படுக்கையிலேயே இருப்பவருக்கு தமிழ்நாடு அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபியும் வலிநிவாரணப் பராமரிப்பும் வீட்டுக்கே வரும். அதற்கு டிஸ்சார்ஜ் சம்மரியின் நகலோடு பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்ப் பெயரைப் பதிந்துவைக்க வேண்டும்.