அறுபடுநீளம்: காகிதத்தின் வலிமை ஏன் கிலோமீட்டரில்?

காகிதச் சோதனை அறிக்கைகளில் 'பிரேக்கிங் லெங்த் 5 கி.மீ.' என்பது போல ஒரு வரி இருக்கும். அது சுருளின் நீளம் இல்லை, இழுத்தால் அவ்வளவு நீளும் என்பதும் இல்லை. ஒரு தாள் துண்டைத் தொங்கவிட்டு நீட்டிக்கொண்டே போனால் எந்த நீளத்தில் தன் எடையைத் தானே தாங்காமல் அறுந்து விழுமோ, அந்த நீளம். யாரும் தொங்கவிட்டுப் பார்ப்பதில்லை, எல்லாம் கணக்குத்தான்: 80 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 80 கிராம்) தாளில் 15 மி.மீ. அகலத் துண்டு மீட்டருக்கு 1.2 கிராம் இருக்கும், அது 6 கிலோ எடையில் அறுந்தால் 6000-ஐ 1.2-ஆல் வகுக்க 5000 மீட்டர். கனத்த தாளையும் மெல்லிய தாளையும் நேருக்கு நேர் ஒப்பிட இதுதான் வசதி.

தமிழில் இதை எப்படிச் சொல்வது? ஜெர்மனில் 'ரைஸ்லெங்கே' என்பார்கள். 'ரைசன்' என்ற வினை தாள் கிழிவதற்கும் வரும், கயிறு அறுவதற்கும் வரும். நமக்கு இரண்டும் வேறு வேறு. காகிதத்துக்குக் கிழிவலிமை என்று தனிச் சோதனையே இருப்பதால் 'கிழிநீளம்' குழப்பிவிடும். 'முறிநீளம்' என்றால் குச்சி போல விறைப்பான பொருள்தான் மனதில் வருகிறது. 'அறுநீளம்' அழகான வினைத்தொகை, ஆனால் அறுசுவை மாதிரி ஆறு என்று படித்துவிட வாய்ப்புண்டு. என் தேர்வு அறுபடுநீளம்.

உள்ளே நடப்பதற்கும் அதுதான் பொருந்துகிறது. தாள் என்பது பெரும்பாலும் 1 முதல் 3 மி.மீ. நீள மர இழைகள் குறுக்கும் நெடுக்குமாகப் படிந்து, தொடும் இடங்களில் முக்கியமாக ஹைட்ரஜன் பிணைப்பால் ஒட்டிக்கொண்ட வலை. லேசாக இழுத்து விட்டால் பழைய நீளத்துக்குத் திரும்பும். இன்னும் இழுத்தால் இழைகள் நிரந்தரமாக நீள்கின்றன, சில சந்திப்புகள் விட்டுப்போகின்றன, அப்புறம் விட்டாலும் முழுதாகத் திரும்பாது. கடைசியில் போவது இழையா, ஒட்டா? 1969-இல் காகித ஆய்வாளர் டெரெக் பேஜ் தந்த சமன்பாடு இந்த இரண்டையும் தனித்தனி உறுப்புகளாகப் பிரித்துக் காட்டியது. ஒட்டு பலவீனமாக இருந்தால் இழைகள் அறாமலே உருவிக்கொண்டு வரும், அறுந்த விளிம்பு மயிர்மயிராக நிற்கும். காகிதக் கூழை நன்றாக அரைத்து ஒட்டைக் கூட்டினால் இழைகளே அறத் தொடங்கும், அறுபடுநீளமும் ஏறும்.

இப்போது பல அறிக்கைகளில் கிராமுக்கு இத்தனை நியூட்டன் மீட்டர் என்று இழுவலிமைக் குறியெண்ணைத் தருகிறார்கள், அதை 9.81-ஆல் வகுத்தால் கிலோமீட்டர் வந்துவிடும். ஒன்றை மட்டும் கட்டாயம் கேளுங்கள்: எந்தத் திசை? காகித இயந்திரம் ஓடும் திசையில் இழைகள் அதிகம் படுத்திருப்பதால் அந்தப் பக்கம் அறுபடுநீளம் கூடுதல், குறுக்கே குறைவு. இரண்டு எண்ணும் இல்லாத அறிக்கை பாதி அறிக்கைதான்.