பளிங்கு லாபியில் பேச்சு ஏன் குழம்புகிறது?

"எங்கள் அடுக்குமாடியின் லாபி அரண்மனை மாதிரி இருக்கிறது, ஆனால் செக்யூரிட்டி சொல்வது ஒன்றுமே விளங்கவில்லை. கார்ப்பெட் போட்டால் சரியாகுமா?" என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். வாஸ்து பார்ப்பவர் மூலையில் செப்புப் பிரமிடு வைக்கச் சொன்னாராம். வைக்கட்டும், ஒலி அதைக் கண்டுகொள்ளாது.

ஓசை சட்டென அடங்காமல் நீடிக்கிறதே, அதற்குப் பெயர் எதிர்முழக்கம். பளிங்கும் கண்ணாடியும் மேலே படும் ஒலியில் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கைத்தான் விழுங்கும், மிச்சம் திரும்பி வரும். முந்தின சொல் அடங்குவதற்குள் அடுத்த சொல் அதன்மேல் ஏறிக்கொள்கிறது.

இதை முறையாக அளந்தவர் ஹார்வர்ட் பல்கலைக்கழக இயற்பியலாளர் வாலஸ் சபைன். 1895-ல் அங்கே ஒரு விரிவுரைக் கூடத்தில் பாடம் புரியவில்லை என்று புகார் வர, வேறொரு அரங்கிலிருந்து இருக்கை மெத்தைகளை ராத்திரியில் தூக்கி வந்து பரப்பி, ஆர்கன் குழாயை ஊதி நிறுத்தி, ஓசை அடங்க எத்தனை வினாடி என்று வெறும் காதால் கேட்டுக் குறித்துவிட்டு, விடிவதற்குள் மெத்தைகளைத் திருப்பி வைத்தார். பிறகு அவர் எடுத்துக்கொண்ட அலகு, திறந்த ஜன்னல்! வெளியே போன ஒலி திரும்பாதே.

லாபியின் கனமீட்டரை 0.161-ஆல் பெருக்கி, சுவர், தரை, கூரை எல்லாம் சேர்ந்து எத்தனை சதுர மீட்டர் திறந்த ஜன்னலுக்குச் சமமோ அதால் வகுங்கள்; ஓசை அடங்க எத்தனை வினாடி என்று வந்துவிடும். 15 மீட்டர் நீளம், 10 அகலம், 8 உயரம், எல்லாப் பரப்பும் 3 சதவீதம்தான் உறிஞ்சும் என்றால் 9 வினாடி. கூரைக்கு மட்டும் 80 சதவீதம் உறிஞ்சும் பலகை போட்டால் 1.4 வினாடி. பளிங்கில் கை வைக்கவே வேண்டாம்.

அந்தப் பலகையை எப்படி மாட்டுவது என்பதில்தான் எனக்கு ஆசை. அதன் இழைகளுக்குள் காற்று முன்னும் பின்னும் ஆடி உரசும்போது ஒலி சூடாக மாறிச் சாகிறது. ஆனால் கான்கிரீட்டை ஒட்டிய காற்றால் ஆடவே முடியாது, இடிக்கிறதே! அலைநீளத்தில் கால் பங்கு தள்ளிப் போனால்தான் ஆட்டம் உச்சம். 1,000 ஹெர்ட்ஸுக்கு அது 8.5 சென்டிமீட்டர், கட்டைக் குரலின் 200 ஹெர்ட்ஸுக்கு 43. ஆகவே அதே பலகையைக் கூரையில் ஒட்டாமல் கொஞ்சம் இறக்கித் தொங்கவிட்டால், நடுவில் இருக்கும் சும்மா காற்றே கட்டைக் குரலையும் பிடித்துக் கொடுக்கும்.

கார்ப்பெட்டோ மெல்லியது, அதுவும் தரையோடு ஒட்டியது. குழந்தைகளின் கீச்சுக் குரலை அடக்கும். செக்யூரிட்டியின் குரல் அப்படியே உருண்டுகொண்டிருக்கும்.