பதினேழு வயது டைமிங்

2010இல் குவாங்சோ ஆசிய விளையாட்டில் 10,000 மீட்டரை 31 நிமிடம் 50 விநாடியில் ஓடித் தங்கம் வாங்கியபோது பிரீஜா ஸ்ரீதரனுக்கு வயது 28. 2023இல் ஹாங்சோவில் 5,000 மீட்டரின் கடைசிச் சில மீட்டரில் ஜப்பான் வீராங்கனையை முந்தித் தங்கம் எடுத்த பாருல் சவுத்ரிக்கும் அப்போது 28தான். அதே ஆண்டு 1500 மீட்டர் உலக சாதனையை உடைத்த கென்யாவின் ஃபெய்த் கிப்யேகானுக்கு 29. அதற்கு ஐந்தாண்டு முன்பு அவர் ஒரு குழந்தைக்குத் தாயானவர். பிரிட்டனின் பவுலா ராட்கிளிஃப் 2003இல் லண்டன் மாரத்தானை 2 மணி 15 நிமிடம் 25 விநாடியில் முடித்தபோதும் வயது 29.

நடுத்தர, நெடுந்தூர ஓட்டத்தில் பெண்கள் பலர் உச்சத்தைத் தொடுவது இந்த வயதில்தான். நாமோ ஒரு பெண்ணைப் பற்றிய தீர்ப்பைப் பதினாறு, பதினேழிலேயே எழுதிவிடுகிறோம்.

தண்டையார்பேட்டையில் பிளஸ் ஒன் படிக்கும் ஒரு பெண் என்று வைத்துக்கொள்வோம். மாவட்டப் போட்டியில் 3,000 மீட்டரை 10 நிமிடம் 40 விநாடியில் ஓடி முதலிடம். மறுநாள் தெருமுனையில் ஃப்ளெக்ஸ், சால்வை, வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ‘அடுத்த பி.டி. உஷா’. வடசென்னைக்கு விளையாட்டுப் பெருமை புதிதல்ல. வியாசர்பாடியின் கால்பந்தும் இங்குள்ள குத்துச்சண்டையும் ஊரறிந்தவை. 2024இல் காரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமா வண்ணாரப்பேட்டைப் பக்கத்துப் பெண். கொண்டாடட்டும், அதில் தவறில்லை. ஆனால் உஷா 1984 லாஸ் ஏஞ்சலிஸில் நூறில் ஒரு விநாடியில் வெண்கலத்தைத் தவறவிட்டது 400 மீட்டர் தடை ஓட்டத்தில். அதற்கு வேண்டிய உடல் வேறு, நெடுந்தூரத்துக்கு வேண்டியது வேறு. இந்தப் பெண்ணின் உடலுக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்தால்தான் அந்த 10:40 எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்பது புரியும்.

முதலில், அந்த நேரத்தில் பருவமடைதலின் பங்கு இருக்கிறது. சிறு வயதில் ஆண் பிள்ளைக்கும் பெண் பிள்ளைக்கும் ஓட்டத்தில் பெரிய வித்தியாசம் கிடையாது. பருவம் வந்ததும் டெஸ்டோஸ்டிரோன் ஆண் பிள்ளையின் தசையையும் ஹீமோகுளோபினையும் கூட்டுகிறது. பெண் பிள்ளைக்கு இடுப்பு அகலமாகிறது, உடலில் கொழுப்பின் பங்கு கூடுகிறது. ஓராண்டு, சிலருக்கு இரண்டாண்டு, டைமிங் அப்படியே நிற்கும், பின்னுக்கும் போகலாம். தாமதமாகப் பருவமடைந்த பெண் அந்த நேரத்தில் தோழிகளை எளிதாக முந்துவாள். முன்னதாகப் பருவமடைந்தவளை ‘வெயிட் போட்டுட்டா, அவ்ளோதான்’ என்று ஒதுக்கிவிடுவார்கள். எனக்கு மிகவும் வருத்தம் தருவது இந்த இடம்தான். அவளுடைய எலும்பும் ஹார்மோன் சுழற்சியும் அடுத்த பத்தாண்டு ஓட்டத்துக்காகக் கட்டப்படுவது அந்த இரண்டு ஆண்டில். அதைத் தோல்வி என்று பெயரிட்டு எத்தனையோ பேரை வீட்டுக்கு அனுப்பியிருக்கிறோம்.

சரி, ஓட்டத்துக்கு வருவோம். 3,000 மீட்டருக்கு வேண்டிய ஆற்றலில் பத்தில் எட்டு ஒன்பது பங்கு ஆக்சிஜனை வைத்துத்தான் கிடைக்கிறது. சும்மா உட்கார்ந்திருக்கும்போது இதயம் நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர் ரத்தத்தைத் தள்ளும். நன்கு பயிற்சி பெற்ற வீராங்கனைக்கு முழு வேகத்தில் இது 20 லிட்டரைத் தாண்டும். பயிற்சியால் இதயத்தின் உச்சத் துடிப்பு வேகம் கூடுவதில்லை. இடது கீழறை பெரிதாகி, ஒவ்வொரு துடிப்பிலும் வெளியேறும் ரத்தம் கூடுகிறது. ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா ஓரிரு வாரத்தில் பெருகிவிடும். சிவப்பணுக்கள் அதற்கு ஈடாகப் பெருக மாதங்கள் ஆகும்.

ரத்தம் மட்டும் போதாது. துறைமுகத்தில் எவ்வளவு பெரிய கப்பல் வந்து நின்றாலும் மண்ணடிச் சந்துக்குள் வண்டி நுழைந்தால்தான் சரக்கு கடைக்குப் போய்ச் சேரும். தசைக்குள் அந்தச் சந்துகள், தந்துகிகள் என்னும் மிக நுண்ணிய ரத்தக்குழாய்கள். நெடுந்தூரப் பயிற்சியில் தசை இழைகளைச் சுற்றிப் புதிய தந்துகிகள் முளைக்கின்றன. ஆக்சிஜனை வைத்து ஆற்றல் எடுக்கும் மைட்டோகாண்ட்ரியாவும் பெருகுகிறது. 1967இல் அமெரிக்க ஆய்வாளர் ஜான் ஹோலோசி எலிகளை டிரெட்மில்லில் பல வாரம் ஓடவிட்டு, அவற்றின் தசையில் மைட்டோகாண்ட்ரியா நொதிகளின் செயல்திறன் ஏறக்குறைய இரண்டு மடங்காவதைக் காட்டினார். இன்றைய நெடுந்தூரப் பயிற்சி அறிவியலுக்கு அது ஓர் அடித்தளம்.

இந்த மாற்றங்களில் பெரும்பகுதி மெதுவான ஓட்டத்திலேயே கிடைத்துவிடுகிறது. உலகின் முன்னணி நெடுந்தூர வீரர்களின் பயிற்சியைப் பார்த்தால் சுமார் 80 சதவீதம், பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகம்தான். மிச்சம்தான் இன்டர்வெல் (இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்ப வேகமாக ஓடுவது), டெம்போ (விடாமல் ஒரே கடும் வேகத்தில் ஓடுவது) போன்ற கடும் பயிற்சி. நம் கிரவுண்டுகளிலோ ‘இன்னைக்கு ஸ்லோவாதான் ஓடினேன் மாஸ்டர்’ என்று பிள்ளைகள் குற்றம் செய்தவர்கள் போலச் சொல்வார்கள். தினமும் ஸ்டாப்வாட்ச்சோடு விரட்டினால் இதயம் சில வாரத்தில் தேறிவிடும். எலும்புக்கும், தசையை எலும்போடு இணைக்கும் குதிகால் நாணுக்கும் அந்த வேகத்தில் தேற வராது, அவற்றுக்கு மாதக்கணக்கு வேண்டும். இதயம் தயார், எலும்பு தயாரில்லை என்ற இடைவெளியில்தான் முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் வலி வந்து, கவனிக்காமல் விட்டால் விரிசலாகிறது.

இன்னொரு மாற்றம் இதைவிடவும் மெதுவானது. ராட்கிளிஃபை உடலியங்கியல் அறிஞர் ஆண்ட்ரூ ஜோன்ஸ் 1992 முதல் 2003 வரை தொடர்ந்து சோதித்தார். உடல் அதிகபட்சம் எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜன் அளவு, கிலோவுக்கு நிமிடத்துக்கு 70 மில்லிலிட்டரை ஒட்டி, தொடக்கத்தில் இருந்தபடியேதான் கடைசியிலும் இருந்தது. மாறியது சிக்கனம். ஒரே வேகத்தில் ஓட அவருக்குத் தேவைப்பட்ட ஆக்சிஜன் சுமார் 15 சதவீதம் குறைந்துவிட்டது. நாண்கள் விறைப்பேறி, ஒவ்வொரு அடியிலும் தரை தரும் விசையைத் திருப்பி எடுத்துக்கொள்வது, தேவையில்லாத தசை வேலை குறைவது என்று இதற்குப் பல காரணங்கள் உண்டு. எல்லாம் பல ஆண்டு தடையில்லாமல் ஓடினால் வருபவை. பதினேழு வயதில் எந்த மெஷினில் வைத்துச் சோதித்தாலும் இந்தச் சிக்கனம் நாளை எவ்வளவு வளரும் என்று தெரியாது. அதனால் ஒரு பெண்ணிடம் திறமை இருக்கிறதா என்று கேட்கும்போது நான் முதலில் பார்ப்பது, சென்ற இரண்டாண்டில் காயமோ நோயோ இல்லாமல் எத்தனை மாதம் தொடர்ந்து ஓடினாள் என்பதைத்தான்.

அந்தத் தொடர்ச்சி அறுவதற்கு நம் ஊரில் பெரிய காரணம் ரத்தம். 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஓடும் பெண்ணுக்கு மாதவிடாயில் போவது போக, வியர்வையில் கொஞ்சம், குடலில் கொஞ்சம் இரும்பு போகிறது. பாதம் தரையில் அடிக்கும் அதிர்ச்சியில் சிவப்பணுக்களும் சிதைகின்றன. கடும் பயிற்சி முடிந்த மூன்று முதல் ஆறு மணி நேரத்தில் ஹெப்சிடின் என்ற ஹார்மோன் ஏறி, குடல் இரும்பை உறிஞ்சுவதையும் குறைத்துவிடுகிறது. ஹீமோகுளோபின் 12க்கு மேல் இருந்தாலும் இரும்புச் சேமிப்பு காலியாகியிருக்கலாம். அதை ஃபெரிட்டின் சோதனைதான் சொல்லும். ‘இப்பல்லாம் சோம்பேறியாயிட்டா’ என்று திட்டுவதற்கு முன் இந்த ஒரு சோதனையைச் செய்து பாருங்கள். குறைவு என்று தெரிந்தால் மாத்திரையின் அளவை டாக்டர் சொல்லட்டும், கடையில் கேட்டு வாங்க வேண்டாம்.

சாப்பாட்டில் வழி இருக்கிறது. ஆட்டுச் சுவரொட்டி (மண்ணீரல்), ஈரல், மீன் இவற்றிலுள்ள இரும்பைக் கீரையின் இரும்பைவிட உடல் எளிதாக எடுத்துக்கொள்ளும். முருங்கைக்கீரை, பருப்பு சாப்பிடும்போது எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்ந்தால் அதிலுள்ள இரும்பும் கூடுதலாக ஏறும். சாப்பிட்ட கையோடு குடிக்கும் டீ அதைத் தடுத்துவிடும். ஒரு மணி நேரம் தள்ளிக் குடிக்கலாம். காசிமேட்டில் முள்ளோடு சாப்பிடும் நெத்திலி கிடைக்கிறது. 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உள்ள கேழ்வரகில் காய்ச்சிய கூழ் தள்ளுவண்டியில் கிடைக்கிறது. விலை கூடிய புரோட்டீன் டப்பாவை வாங்கச் சொல்லி ஒரு ஏழைக் குடும்பத்தைக் கடனில் தள்ளுவது எனக்குப் பிடிக்காத காரியம்.

அளவைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு கிலோமீட்டர் ஓட, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு ஏறக்குறைய ஒரு கிலோகலோரி செலவாகும். 48 கிலோ எடையுள்ள பெண் வாரத்துக்கு 90 கிலோமீட்டர் ஓடினால் நாளொன்றுக்கு 600 கிலோகலோரி கூடுதலாக வேண்டும். பத்து இட்லி. வளர்ச்சிக்கும் படிப்புக்கும் வீட்டு வேலைக்கும் வேண்டிய சாப்பாடு போக, இது தனி. கிடைக்காவிட்டால் உடல் எங்கோ மிச்சம் பிடிக்கும். முதலில் கை வைப்பது மாதவிடாயில். சினைப்பை ஹார்மோன்கள் குறைந்தால் எலும்பு மெலியும், காயம் ஆறாது, சளி காய்ச்சல் அடிக்கடி வரும். இந்த மொத்தச் சிக்கலுக்கும் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014இல் தனிப் பெயரே வைத்து எச்சரித்தது. ‘கேம்ப்ல இருக்கும்போது பீரியட்ஸ் வரல, நல்லதாப் போச்சு’ என்று சொல்லும் பெண்ணுக்கு உடனே மருத்துவரைக் காட்ட வேண்டும். எலும்பின் பெரும்பகுதி இருபது வயதை ஒட்டிக் கட்டி முடிந்துவிடுகிறது, அப்போது விட்டதைப் பின்னால் முழுதாக மீட்க முடியாது.

வெளியார் பார்வை ஓடும் பெண்ணின் உடலுக்குள் நுழைவதும் இந்தச் சாப்பாட்டின் வழியாகத்தான். டிவியில் வரும் வீராங்கனைகளைப் பார்த்து, ஒல்லியாக இருந்தால்தான் ஓட முடியும் என்ற எண்ணம் பயிற்சியாளருக்கும் பிள்ளைக்கும் வருகிறது. எடை குறைந்ததும் சில வாரம் டைமிங்கும் குறையும், அதனால் அது உண்மை போலவே தெரியும். அப்புறம்தான் விலை தெரியும். அமெரிக்காவின் மேரி கெயின் 2013இல் பதினேழு வயதிலேயே உலக சாம்பியன்ஷிப்பில் ஓடி ஊடகங்களின் செல்லப்பிள்ளையானவர். எடையைக் குறை, இன்னும் குறை என்ற நெருக்கடியில் மூன்றாண்டு மாதவிடாய் நின்று, ஐந்து எலும்புகள் முறிந்ததாக 2019இல் அவரே வெளிப்படையாகச் சொன்னார்.

நம் தெருவில் இந்தப் பார்வை வேறு விதமாகவும் வரும். ‘கறுத்துட்டா’, ‘ஆம்பள மாதிரி ஆயிட்டா’, ‘ஷார்ட்ஸ் போட்டுட்டு ரோட்ல ஓடுது’. வெற்றி பெற்றால் சால்வை, தோற்றால் இந்தப் பேச்சு. 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்கள் 800 மீட்டர் ஓடி முடித்துக் களைத்து விழுந்ததாகப் பத்திரிகைகள் பெரிதுபடுத்தி எழுதியதில், அந்தப் போட்டி 1960 வரை ஒலிம்பிக்கிலேயே இல்லாமல் போனது. பெண்களுக்கு மாரத்தான் வந்தது 1984இல், 5,000 மீட்டர் 1996இல். புதுக்கோட்டை மாவட்டத்துச் சாந்தி சௌந்தரராஜன் 2006 தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளி வென்றார். பாலினச் சோதனையைக் காரணம் காட்டிப் பதக்கம் பறிக்கப்பட்டு, அவருடைய அந்தரங்க மருத்துவ விவரம் ஊடகங்களில் அலசப்பட்டது. ஓர் ஓட்டக்காரியின் எடை, மாதவிடாய், ரத்த ரிப்போர்ட் எல்லாம் அவளுக்கும் அவள் மருத்துவருக்கும் உரியவை. பேட்டியில் கேட்கவும் கூடாது, குரூப்பில் போடவும் கூடாது.

வடசென்னைக்கே உரிய சில பாடுகளும் உண்டு. 50 கிலோ எடையுள்ள பெண் 10 கிலோமீட்டர் ஓடினால் செலவாகும் 500 கிலோகலோரியில் முக்கால் பங்கு வெப்பமாகத்தான் போகிறது. ஒரு லிட்டர் வியர்வை முழுதும் ஆவியானால் சுமார் 580 கிலோகலோரி வெப்பத்தை எடுத்துச் செல்லும். கடலோர ஈரக்காற்றில் வியர்வை ஆவியாகாமல் சொட்டிவிடுகிறது. சொட்டிய வியர்வை உடலைக் குளிர்விக்காது. மே மாத விடியற்காலையில் வெயில் இல்லை, ஆனால் ஈரப்பதம் உச்சத்தில் இருக்கும். அன்றைக்கு ஓட்டம் மெதுவானால் பயிற்சி வீண் என்று பொருளல்ல. பத்துப் பதினான்கு நாளில் உடல் வெக்கைக்குப் பழகி, பிளாஸ்மாவும் கூடுகிறது, அது ஓட்டத்துக்கு லாபம்தான்.

காற்றுக்கு அப்படி உடல் பழகாது. ஓய்வில் நிமிடத்துக்கு ஏழெட்டு லிட்டர் காற்றை இழுக்கும் நுரையீரல் கடும் ஓட்டத்தில் 100 லிட்டரை நெருங்கும், அதுவும் மூக்கின் வடிகட்டலைத் தாண்டி வாய்வழியாக. கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டும் எண்ணூர் நெடுஞ்சாலை ஓரம் இன்டர்வெல் அடிக்கும் இடமல்ல. கடற்கரைக்குப் போகலாம் என்றால், ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கடல் அரித்துக் கரையின் பெரும்பகுதி கருங்கல் தடுப்பாகிவிட்டது. மிஞ்சிய மணலில் ஓட, கெட்டித் தரையைவிட 1.6 மடங்கு ஆற்றல் வேண்டும். அதனால் வாரத்தில் ஒருநாள் போதும். பெரியமேடு நேரு ஸ்டேடியத்தின் சிந்தெடிக் டிராக்குக்குப் போக 2021இல் விம்கோ நகர் வரை வந்த மெட்ரோ உதவுகிறது. ஆனாலும் நாலு மணிக்கு எழுந்து போய் வந்து பள்ளிக்கு ஓடும் பெண்ணுக்குத் தூக்கம் எப்போது? தசை பழுதுபார்க்கப்படுவது அந்தத் தூக்கத்தில்தான்.

ரயில்வே, போலீஸ் வேலைக்கான விளையாட்டு ஒதுக்கீட்டை நம்பித்தான் பல குடும்பங்கள் பிள்ளையை ஓட அனுப்புகின்றன. அது நியாயமான கணக்கு. சீக்கிரம் பதக்கம் வேண்டும் என்ற அவசரத்தை அவர்கள்மேல் குறையாகச் சொல்ல எனக்கு மனமில்லை. இன்னும் ஐந்தாறு ஆண்டு காத்திருக்கும் தெம்பை அந்த வீட்டுக்கு யார் கொடுப்பது என்று பள்ளியும் சங்கங்களும் அரசும்தான் யோசிக்க வேண்டும். அதற்குப் பெரிய அகாடமி தேவையில்லை, பயிற்சி முடிந்ததும் முட்டையும் சுண்டலும், ஆண்டுக்கு இரண்டு முறை ரத்தச் சோதனை, மாலையில் கிரவுண்டில் விளக்கு என்று தொடங்கலாம். எல்லாவற்றுக்கும் முன்னால், பூட்டாத, தண்ணீர் வரும், பெண்களுக்கான கழிவறை. அது இல்லாத கிரவுண்டில் பெண்கள் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமலே ஓடுகிறார்கள். நீர் குறைந்தால் பிளாஸ்மா சுருங்கும், ஒவ்வொரு துடிப்பிலும் போகும் ரத்தம் குறையும், அதே வேகத்துக்கு இதயம் கூடுதலாக அடித்துக்கொள்ளும், உடல் சூடு ஏறும். மாதக்கணக்கில் ஓடிச் சேர்த்த ரத்த அளவை ஒரு பூட்டிய கதவு அன்றன்றைக்குக் குறைத்துவிடுகிறது.