ஐந்து விளக்குகள், ஒரு மௌனம்

வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார்: “வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. அடுத்த நொடி டேஷ்போர்டில் ஐந்து விளக்குகள் ஒன்றாக எரிந்தன. ஏபிஎஸ், வழுக்கல் தடுப்பு, ஸ்டீயரிங், ஏற்றத்தில் வண்டி பின்னால் நழுவாமல் பிடிக்கும் வசதி, க்ரூஸ் கன்ட்ரோல், எல்லாமே போச்சு. ஸ்பீடோமீட்டர் முள்ளும் பூஜ்ஜியத்தில் படுத்துவிட்டது. ஓரங்கட்டி, அணைத்துவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்தேன். ஒன்றுமே நடக்காத மாதிரி எல்லாம் சரியாகிவிட்டது. சர்வீஸ் சென்டரில் கோளாறே இல்லை என்கிறார்கள். வீட்டில், வண்டிக்கு ராசி சரியில்லை, விற்றுவிடு என்கிறார்கள். யார் சொல்வது சரி?”

இரண்டு தரப்பும் தவறு. ராசிக்காரர்களையாவது மன்னித்துவிடலாம், அவர்களிடம் காரின் கணினிகள் எழுதிவைத்ததைப் படிக்கும் ஸ்கேனர் இல்லை.

இன்றைய காரில் சின்னதும் பெரியதுமாகப் பல டஜன் கணினிகள் இருக்கின்றன என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். இன்ஜினுக்கு ஒன்று, பிரேக்குக்கு ஒன்று, கதவுக்கு ஒன்று என்று தனித்தனிப் பெட்டிகள். இவை ஒவ்வொன்றும் தனக்கு வேண்டிய எல்லாவற்றையும் தானே அளந்துகொள்வதில்லை. பெரும்பாலான கார்களில் சக்கரங்களின் வேகத்தை நேரடியாகக் கவனிப்பது ஏபிஎஸ் பெட்டிதான், அதாவது பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் அமைப்பின் கணினி. அது தான் கண்டதைப் பொதுவில் அறிவித்துக்கொண்டே இருக்கும். ஸ்பீடோமீட்டர் அதைக் கேட்டு முள்ளை நகர்த்தும். ஸ்டீயரிங் அதைக் கேட்டு இலகுவாகவோ இறுக்கமாகவோ ஆகும். கதவுகள் அதைக் கேட்டுத் தாமே பூட்டிக்கொள்ளும். அந்த அறிவிப்பு நின்றுபோனால் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் அவரவர் விளக்கை ஏற்றிவிட்டு ஒதுங்கிக்கொள்வார்கள். எரிந்தது ஐந்து விளக்கு. வராமல் போனது ஒரே ஒரு செய்தி.

அந்தச் செய்தி எந்த வழியில் வருகிறது என்பதில்தான் எனக்குத் தீராத மோகம். அதன் பெயர் கேன் (CAN), காரின் பெட்டிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் வலை. ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் 1983இல் இதற்கான வேலையைத் தொடங்கி, 1986இல் டெட்ராய்ட்டில் நடந்த வாகனப் பொறியாளர் மாநாட்டில் வெளியிட்டது. அதற்கு முன் ஒரு தகவலுக்கு ஒரு ஒயர் என்றுதான் வழக்கம். வசதிகள் கூடக் கூட ஒயர்க்கட்டு தொடையளவு பெருக்கத் தொடங்கியது. கேன் வந்ததும், ஒன்றையொன்று முறுக்கிக்கொண்ட இரண்டே ஒயர்களில் எல்லாப் பெட்டிகளும் பேச முடிந்தது.

ஏன் இரண்டு, ஏன் முறுக்கு? யாரும் பேசாதபோது இரு ஒயர்களிலும் சுமார் 2.5 வோல்ட் இருக்கும். பேசும்போது ஒன்று 3.5க்கு ஏறும், மற்றது 1.5க்கு இறங்கும். கேட்பவர் பார்ப்பது இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும். பக்கத்திலேயே ஸ்பார்க் பிளக்குகளுக்காகப் பல்லாயிரம் வோல்ட் துடித்துக்கொண்டிருக்கிறது. அந்த இரைச்சல் முறுக்கிய இரண்டு ஒயரையும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் தாக்கும். கழித்துப் பார்த்தால் இரைச்சல் காணாமல் போய்விடும். பள்ளிக்கூடக் கழித்தல் கணக்கு, ஒரு பைசா செலவில்லாமல் செய்யும் வேலை இது.

இனிதான் விஷயமே. ஒரே ஒயரில் எல்லோரும் இருக்கிறார்கள், தலைவர் என்று யாரும் இல்லை. இருவர் ஒரே கணத்தில் பேசத் தொடங்கினால்? பழைய கணினி வலைகளில் இரண்டும் மோதிச் சிதைந்துவிடும். பிறகு இருவரும் கொஞ்சம் பொறுத்து மறுபடி முயல வேண்டும். பிரேக் சமாச்சாரத்தில் இந்தப் பொறுமை உதவாது.

கேன் செய்வது இது. அதில் 0 என்பது கூச்சல், 1 என்பது மௌனம். 0 சொல்ல வேண்டியவர் ஒயரை வலிந்து இழுப்பார். 1 சொல்ல வேண்டியவர் சும்மா இருப்பார். ஒருவர் கூச்சலிட்டு மற்றவர் சும்மா இருந்தால் ஒயரில் கேட்பது கூச்சல் மட்டும்தான். ஒவ்வொரு செய்தியும் 11 இலக்க அடையாள எண்ணோடு தொடங்கும். பிரேக்கின் எண் 0010… என்றும் ஏசியின் எண் 0110… என்றும் வைத்துக்கொள்ளுங்கள். இருவரும் சேர்ந்தே ஆரம்பிக்கிறார்கள். முதல் இலக்கம் இருவருக்கும் 0, சண்டை இல்லை. இரண்டாவதில் பிரேக் 0, ஏசி 1. ஏசி மௌனமாக இருந்து காதைத் தீட்டுகிறது. ஆனால் ஒயரில் கூச்சல் கேட்கிறது. ‘நம்மைவிட முக்கியமானவர் யாரோ பேசுகிறார்’ என்று புரிந்து, அந்த இடத்திலேயே வாயை மூடிக்கொள்கிறது. பிரேக்குக்கோ ஒரு போட்டி நடந்ததே தெரியாது. அதன் செய்தியில் ஒரு பிட்டுகூட, அதாவது ஒரு 0 அல்லது 1கூட, சேதமில்லை, ஒரு மைக்ரோ விநாடிகூடத் தாமதமில்லை. சிறிய எண்ணுக்கே முன்னுரிமை. நடுவர் தேவையே இல்லை.

இதைக் கண்டுபிடித்தவர்கள் நிச்சயம் அன்று நன்றாகத் தூங்கியிருப்பார்கள். காரில் வழக்கமான வேகம் விநாடிக்கு 5 லட்சம் பிட். ஒரு முழுச் செய்தி கால் மில்லி விநாடியில் முடிந்துவிடும். இதில் ஒரு நுணுக்கமும் உண்டு. ஒரு முனையில் எழுந்த கூச்சல் மறுமுனைக்குப் போய்த் திரும்பும்வரை அந்த பிட் முடியக் கூடாது. இல்லையென்றால் பேச்சைத் தொடங்கிய இருவருக்கும் ஒருவரையொருவர் கேட்காது. அதனால்தான் விநாடிக்கு 10 லட்சம் பிட் வேகத்தில் ஒயரின் நீளத்தைச் சுமார் 40 மீட்டரோடு நிறுத்திக்கொள்கிறார்கள். உங்கள் கார் ஒயரிங்கில் ஒளியின் வேகமும் ஒரு கட்டுப்பாடாக உட்கார்ந்திருக்கிறது.

சரி, செய்தி சிதைந்தால்? கேனில் ஒரே மாதிரியான பிட் தொடர்ந்து ஐந்துக்கு மேல் வராதபடி விதி இருக்கிறது. பிழையைக் கண்டவர் வேண்டுமென்றே ஆறு 0-க்களைத் தொடர்ந்து கத்துவார். விதி மீறப்பட்டதும் எல்லோரும் கேட்டதைக் குப்பையில் போட்டுவிடுவார்கள், பேசியவர் மறுபடி சொல்வார். ஆனால் ஒருவரே திரும்பத் திரும்பப் பிழை செய்துகொண்டிருந்தால் மற்றவர் யாரும் பேச முடியாதே? அதற்கான தீர்வுதான் எனக்கு மிகப் பிடித்தது. ஒவ்வொரு பெட்டியும் தன் தவறுகளைத் தானே எண்ணிக்கொள்கிறது. அனுப்பியது தோற்றால் கணக்கில் 8 கூடும், ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தால் 1 குறையும். தண்டனை எட்டு, மன்னிப்பு ஒன்று. கணக்கு 128ஐத் தொட்டால் பிழைக் கூச்சல் போடும் உரிமையை அது இழக்கிறது. ‘தப்பு ஒருவேளை என்னிடம்தானோ’ என்ற சந்தேக நிலை அது. 255ஐத் தாண்டினால் வலையிலிருந்து தன்னைத் தானே துண்டித்துக்கொள்கிறது. யாரும் வெளியேற்றுவதில்லை. மனிதர்கள் கூடும் சபைகளில் நான் இப்படி ஒருவரையும் பார்த்ததில்லை.

வாசகரின் பள்ளத்துக்கு வருவோம். ஏபிஎஸ் பெட்டிக்குப் போகும் ஏதோ ஒரு இணைப்பு அந்த அதிர்வில் நொடிப்பொழுது தளர்ந்திருக்கிறது. பெட்டி மின்சாரம் இழந்து மயங்கியிருக்கலாம், அல்லது பிழைகள் குவிந்து தானே விலகியிருக்கலாம். 8, 16, 24 என்று எண்ணிப் பாருங்கள், வரிசையாக 32 தோல்விகள் போதும். சில மில்லி விநாடிகளில் கதை முடிந்துவிடும். காரை அணைத்துப் போட்டதும் கணக்கு பூஜ்ஜியத்திலிருந்து தொடங்கியது, எல்லாம் ‘சரியாகிவிட்டது’. கோளாறு போகவில்லை. அதன் கணக்குப் புத்தகம்தான் புதிதாயிற்று.

அந்தத் தளர்வு எப்படி வருகிறது என்பது கேனைவிடப் பழைய கதை. கனெக்டர்களின் உள்ளே இருக்கும் பின்களுக்குப் பெரும்பாலும் வெள்ளீயப் பூச்சு இருக்கும். வண்டியின் அதிர்விலும் வெயில் குளிர் மாற்றத்திலும் பின்கள் முடியின் தடிமன்கூட இல்லாத தூரம் முன்னும் பின்னும் உரசும். ஒவ்வொரு உரசலிலும் புதிய வெள்ளீயம் வெளிப்பட்டு ஆக்சைடாக மாறும். பொடி பொடியாக உதிரும் அந்த ஆக்சைடில் மின்சாரம் சரியாகப் பாயாது. கண்ணுக்குப் பின் பளபளவென்றுதான் தெரியும். மெக்கானிக் கனெக்டரைக் கழற்றி மாட்டினால் வண்டி குணமாவது இதனால்தான்: அந்த ஒரு பெரிய உரசல் பொடியை வழித்துத் தள்ளிவிடுகிறது. சில வாரங்களில் மறுபடி சேர்ந்துவிடும். தங்கம் ஆக்சைடு ஆவதில்லை; ஆகவே ஏர்பேக் கனெக்டர்களில் தங்கப் பூச்சுப் பின்களைப் பயன்படுத்துகிறார்கள். உயிர் காக்கும் இடத்தில் மட்டும் கஞ்சத்தனம் இல்லை.

தன்னால் ஓடும் கார் என்று சொன்னால் முதலீட்டாளர்கள் கோடிகளோடு வரிசையில் நிற்கிறார்கள். கனெக்டர் பின்னில் வெள்ளீயம் உரசுவதை ஆராய்கிறேன் என்று ஒருவர் விண்ணப்பித்தால் கொட்டாவிதான் வரும். தன்னால் ஓடும் காரிலும் அதே கனெக்டர்தானே இருக்கப்போகிறது என்பது என் ஆற்றாமை.

மென்பொருள் கோளாறுகள் தனி இனம். 2022 ஜனவரி இறுதியில் அமெரிக்காவின் சியாட்டில் பகுதியில், 2014 முதல் 2017 வரையிலான மாடல்களைச் சேர்ந்த சில மாஸ்டா கார்களின் ரேடியோ 94.9 எஃப்எம்மிலேயே மாட்டிக்கொண்டது. திரை அணைந்து அணைந்து எரிந்துகொண்டிருந்தது. அந்த வானொலி நிலையம் டிஜிட்டல் ஒலிபரப்போடு அனுப்பிய படக் கோப்புகளின் பெயரில், கடைசியில் வர வேண்டிய கோப்பு வகை எழுத்துகள் விட்டுப்போயிருந்தன. காருக்கு அதை என்ன செய்வதென்று தெரியவில்லை. பாதிக்கப்பட்ட வண்டிகளில் ஒரு பாகத்தையே மாற்ற வேண்டியிருந்தது. டெஸ்லாவின் கதை வேறு. அதன் பழைய மாடல் எஸ், எக்ஸ் கார்களின் திரைக்குப் பின்னால் 8 ஜிபி ஃப்ளாஷ் நினைவகம் இருந்தது. ஃப்ளாஷில் எழுத எழுதத் தேயும். கார் ஓயாமல் குறிப்பெழுதித் தேய்த்துத் தீர்த்ததும் திரை செத்தது, பின்புறக் கேமராவும் அதோடு போனது. 2021இல் சுமார் 1,35,000 வண்டிகள் திரும்ப அழைக்கப்பட்டன. பிரேக் பட்டையைப் போல நினைவகமும் தேய்மானப் பொருள் என்று கார் உலகம் தாமதமாகத்தான் கற்றுக்கொண்டது.

அப்படியானால் சர்வீஸ் சென்டர்காரர்கள் பார்த்தது என்ன? ‘இப்போது கோளாறு இல்லை’ என்பதை மட்டும். கோளாறு நடந்த வேளையில் ஒவ்வொரு பெட்டியும் ஒரு பிழைக் குறியீடு எழுதி வைத்திருக்கும். பி0301 என்றால் முதல் சிலிண்டரில் எரிதல் தவறியது. யு எழுத்தில் தொடங்கினால் பெட்டிகளுக்கு இடையிலான பேச்சில் பிரச்சினை. யு0121 என்றால் ஏபிஎஸ் பெட்டியின் பேச்சு கேட்கவில்லை. பல நேரம் அந்தக் கணத்தின் வேகம், வெப்பம், வோல்டேஜ் எல்லாம் கூடவே பதிவாகியிருக்கும். பேட்டரி டெர்மினலைக் கழற்றி மாட்டும் கைவைத்தியம் இந்தச் சாட்சியத்தில் பலவற்றை அழித்துவிடக்கூடும். ஆகவே குறியீடுகளைப் படித்துக் குறித்துக்கொள்ளும் முன் யாரையும் கை வைக்க விடாதீர்கள். சிவப்பு விளக்கு எரிந்தால் இந்த ஆராய்ச்சியெல்லாம் வேண்டாம், வண்டியை நிறுத்துங்கள். மற்றபடி முதலில் பேட்டரியைப் பாருங்கள். ஸ்டார்ட்டர் மோட்டார் நூற்றுக்கணக்கான ஆம்பியரை இழுக்கும் அந்த நொடியில் தளர்ந்த பேட்டரியின் வோல்டேஜ் சரிந்தால், பாதிப் பெட்டிகள் மயங்கி எழுந்து ஒன்றின் மேல் ஒன்று புகார் எழுதும். மல்டிமீட்டர் உள்ளவர்கள் பேட்டரியைக் கழற்றிவிட்டு கேனின் இரு ஒயருக்கு இடையில் அளந்து பார்க்கலாம். இரு முனையிலும் 120 ஓம் மின்தடை இருப்பதால் 60 வர வேண்டும். 120 வந்தால் எங்கோ ஒயர் அறுந்திருக்கிறது.

இதையெல்லாம் சுருக்கி வாசகருக்கு எழுதினேன். ஸ்கேனரில் தெரிந்ததைப் படமெடுத்து அனுப்பினார். இன்ஜின், ஸ்டீயரிங், டேஷ்போர்டு, கியர் என நான்கு பெட்டிகளும் ஏபிஎஸ்ஸின் பேச்சு கேட்கவில்லை என்று எழுதி வைத்திருந்தன. ஏபிஎஸ் பெட்டியிலோ யார்மீதும் புகார் இல்லை. மின்சாரம் குறைந்தது என்று ஒரே ஒரு குறிப்பு. பெட்டியைக் கழற்றி விலை கேட்கக் கிளம்பியவரை நிறுத்தி, அதன் எர்த் ஒயரைத் தேடச் சொன்னேன். பேட்டரித் தட்டுக்கு அடியில், துருவேறிய ஒரு போல்ட்டில் அது லொடலொடவென்று ஆடிக்கொண்டிருந்ததாம்.